எதற்கெடுத்தாலும் ‘கட்’ தானா?

மின்சாரம் போனால் ‘கரண்ட் கட்’. பேசிக்கொண்டிருக்கும்போது போன் நின்றுவிட்டால் ‘லைன் கட்’. வெங்காயத்தைக் ‘கட்’ பண்ணு, நகத்தைக் ‘கட்’ பண்ணு, தலைமுடியைக் ‘கட்’ பண்ணு, பிறந்த நாள் கேக்கைக் ‘கட்’ பண்ணு! பள்ளிக்கூடம் போகாமல் ஊர் சுற்றினால் அதற்கும் ‘கட்’ அடிப்பது என்றுதான் பெயர்.

சுட்டிகளே, இன்று காலையில் எழுந்ததிலிருந்து எத்தனை முறை ‘கட்’ என்று சொல்லியிருப்பீர்கள்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கை விரல் போதாமல் கால் விரலையும் எண்ண வேண்டியிருக்கும்!

“எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்றால் சுலபம்தானே? அதில் என்ன தப்பு?” என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் ஜவ்வாது மலைக்கு ஒரு நடை போய் வரவேண்டும். ஏன் ஜவ்வாது மலை? காடு, வயல், தோட்டம், சமையற்கட்டு நான்கும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரை அங்கே கைகளுக்கு விதவிதமான வெட்டு வேலை உண்டு.

மலையில் ஒரு நாள்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலைமேல் இருக்கும் முக்கியமான ஊர் ஜமுனாமரத்தூர். இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு ‘மலையாளி’ என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. இவர்கள் பேசுவது தமிழ்.

இந்த மலையின் பெருமைகளில் ஒன்று சாமை. சின்னஞ்சிறு மணி, சத்தோ பெரிது. கதிர் முற்றியதும் அரிவாளோடு நிலத்தில் இறங்குவார்கள். தாள்களை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, அரிவாளை அடியில் வைத்து இழுத்தால் ‘சரக்’கென்று வந்துவிடும். இதற்குப் பெயர் அறுத்தல். கூரான விளிம்பை இழுத்து இழுத்துத் துண்டாக்கினால் அது அறுப்பு. தச்சர் ரம்பத்தால் பலகையை அறுப்பதும் இதே இழுப்புதான். ‘அறுவடை’ என்ற சொல்லிலும் ‘அறு’ உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா?

விறகுக்குக் காய்ந்த மரம் வேண்டும். கோடாரியைத் தலைக்கு மேலே ஓங்கி ‘ணங்’கென்று இறக்கினால் அது வெட்டுதல். ஓங்கி இறக்குவதுதான் வெட்டுக்கு அடையாளம். வெட்டிய கட்டையை நிமிர்த்தி வைத்து, நார் ஓடும் திசையிலேயே இரண்டாக்கினால் அது பிளத்தல். காய்ந்த சுள்ளிக்குக் கோடாரி எதற்கு? இரண்டு கையாலும் ஒடித்துவிடலாம்.

இந்த மலையில் பலாவும் உண்டு. பெரிய பலாப்பழத்தை அரிவாளால் பிளப்பார்கள். பால் ஒட்டாமல் இருக்க அரிவாளிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். பிளந்த பிறகு சுளையை எடுப்பதற்குக் கத்தி தேவையில்லை.

இப்போது சமையற்கட்டுக்குள் எட்டிப் பாருங்கள். அரிவாள்மனையில் கத்தரிக்காயை அரிகிறார்கள். வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்குகிறார்கள். இஞ்சியின் தோலைச் சீவுகிறார்கள். கறிவேப்பிலையை உருவுகிறார்கள். கொத்தமல்லியைக் கிள்ளிப் போடுகிறார்கள். கீரையை ஆய்கிறார்கள். தேங்காயை உடைத்து, துருவுகிறார்கள். அடேயப்பா! ஒரு குழம்பு கொதிப்பதற்குள் இத்தனை சொற்கள்! கை அசையும் விதம் மாறினால் சொல்லும் மாறுகிறது.

ஊருக்கு ஊர் இந்தச் சொற்கள் கொஞ்சம் மாறும். உங்கள் வீட்டில் வேறு சொல் இருக்கிறதா? அதுவும் சரிதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய பிறகு என்ன ஆகும்?

இந்தச் சொற்களுக்குள் இன்னொரு ரகசியமும் இருக்கிறது. வெட்டிய பிறகு அந்தச் செடிக்கோ மரத்துக்கோ என்ன ஆகும் என்பதையும் அவை சொல்லிவிடுகின்றன.

கொழுந்தைக் கிள்ளினால் செடி சாகாது. பக்கத்திலிருந்து புதுக் கிளை விடும். பூவைக் கொய்தால் நாளை வேறு பூ பூக்கும். காயைப் பறித்தால் மரம் மீண்டும் காய்க்கும். வேண்டாத கிளைகளைக் கழித்தால் மரம் இன்னும் நன்றாகத் தழைக்கும். தோட்டக்கலைக்காரர்கள் இதைக் கவாத்து செய்தல் என்பார்கள். சாமையை அறுத்தால் அந்தப் பயிரின் கதை முடிந்தது. அதனால்தான் விதைக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு மற்றதைச் சமைக்கிறார்கள். மரத்தை அடியோடு வெட்டிச் சாய்த்தாலோ, அந்த இடத்தில் இன்னொரு மரம் நிழல் தர எத்தனையோ வருடம் ஆகும்.

‘இலையைக் கட் பண்ணு’ என்றால் கிள்ளுவதா, காம்போடு ஒடிப்பதா, கிளையோடு கழிப்பதா? மூலிகை பறிக்கப் போன பிள்ளைக்குப் புரியுமா? ‘கொழுந்தைக் கிள்ளி வா’ என்று பாட்டி சொன்னால், எதை எடுக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் இரண்டுமே அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. ‘கிள்ளு’ என்ற சொல் மறந்துபோனால், ‘மிச்சத்தை விட்டு வை’ என்ற எச்சரிக்கையும் சேர்ந்து மறந்துபோகும்.

சந்தன மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலைக் காடுகள் சந்தனத்துக்குப் பேர் போனவை. மலையடிவாரத்தில் இருக்கும் திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. மற்ற மரங்களை வெட்டுவதுபோலச் சந்தன மரத்தை அடிமரத்தோடு வெட்டி எடுத்துப் போவதில்லை. வேரோடு தோண்டி எடுப்பார்கள். ஏன் தெரியுமா? வாசனை எண்ணெய் வேரில்தான் அதிகம்! பிறகு மேலே இருக்கும் மணமில்லாத வெள்ளைப் பகுதியைச் செதுக்கி நீக்குவார்கள். உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த கட்டைதான் சந்தனம். செதுக்கும்போது விழும் சிராய், அறுக்கும்போது உதிரும் தூள் எல்லாவற்றுக்கும் விலை உண்டு.

அந்த வைரம் ஒரே நாளில் பாய்வதில்லை. நல்ல மணத்தோடு கட்டை முற்றுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். திருடர்கள் ஒரே ராத்திரியில் அதை வெட்டி எடுத்துவிட்டால், நீங்கள் பெரியவர்களாகி, உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போதுதான் அதுபோல இன்னொரு மரம் தயாராகும். செய்தித்தாளில் ‘சந்தனக் கட்டைகள் பறிமுதல்’ என்று படிக்கிறோமே, அந்தப் ‘பறிமுதல்’ எங்கிருந்து வந்தது? பூப்பறிக்கிறோமே, அதே ‘பறி’யிலிருந்துதான்! ஒருவர் கையிலிருந்து பிடுங்கினால் அதுவும் பறிப்புதான். அதனால்தான் ‘வழிப்பறி’ என்கிறோம்.

கல்லில் வெட்டினால்?

மரத்தை வெட்டினால் மரம் போய்விடும். கல்லில் வெட்டினால் எழுத்து நிலைத்துவிடும்! ‘கல்வெட்டு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கல்லில் உளியால் வெட்டியது, அதனால் கல்வெட்டு.

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பாயும் ஊர் செங்கம். அந்த வட்டாரத்தில் நிறைய நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. போரிலோ, ஆடு மாடுகளை மீட்கும் சண்டையிலோ இறந்த வீரனுக்கு நட்டு வைக்கும் கல்தான் நடுகல். தமிழ்நாடு தொல்லியல் துறை இவற்றைத் தொகுத்து 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு நூலே வெளியிட்டது.

அவற்றில் எடுத்தனூர் நடுகல் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. அதாவது 7-ஆம் நூற்றாண்டு. மாடு திருடர்களோடு சண்டையிட்டு இறந்த வீரனின் பெயர் கருந்தேவகத்தி. அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். திருடர்களில் இரண்டு பேரைக் கடித்துக் காவல் காத்த நாய் என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1,400 வருடங்கள் ஆகியும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஒரு சிற்பியின் உளி செய்த வேலை இது!

இன்னும் பின்னால் போனால், இரும்பே தெரியாத காலம். அப்போது மனிதர்கள் கல்லையே தேய்த்துக் கூராக்கிக் கோடாரியாகப் பயன்படுத்தினார்கள். ஜவ்வாது மலை, ஏலகிரி மலைப் பகுதிகளில் இப்படிப்பட்ட புதிய கற்காலக் கற்கோடாரிகள் கிடைத்திருக்கின்றன. சில இடங்களில் மக்கள் அவற்றைச் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். வெட்டும் கருவி வீட்டுக்குச் சோறு போட்ட சாமிதானே!

கையிலிருந்து வாய்க்கு

கை பழகிய சொல் வாயிலும் புகுந்துவிடும். கத்தி, அரிவாள் எதுவுமே இல்லாமல் நாம் தினமும் வெட்டிக்கொண்டும் அறுத்துக்கொண்டும் இருக்கிறோம். எப்படி என்று பாருங்கள்.

ஒருவர் ஒரே விஷயத்தை இழுத்து இழுத்துப் பேசினால் ‘அறுக்கிறார்’ என்கிறோம். அறுப்பது என்றால் இழுத்து இழுத்துத்தானே செய்ய வேண்டும்? பொருத்தத்தைப் பார்த்தீர்களா? ‘செம அறுவை’ என்பதும் இதுதான்.

ஓங்கி ஒரே போடு போடுவது வெட்டு. மனதில் பட்டதைப் பளிச்சென்று சொல்கிறவரை ‘வெட்டு ஒன்று, துண்டு இரண்டு’ என்று பேசுபவர் என்கிறோம். சுருக்கமாகப் பேசினால் ‘நறுக்’கென்று பேசுவது.

கீரைக்கு அரிவாள் வேண்டாம், நகமே போதும். அதனால் யாரையாவது சுலபமாக நினைத்தால், ‘என்னைக் கிள்ளுக்கீரை என்று நினைத்தாயா?’ என்று சண்டைக்கு வருவார்கள். கெட்ட பழக்கத்தை முளையிலேயே கிள்ளி எறி என்பார்கள். வளர்ந்துவிட்டால் கோடாரி தேவைப்படும் அல்லவா?

சுள்ளியை ஒடித்தால் மறுபடி ஒட்டாது. அதனால்தான் நண்பர்கள் இருவர் பேசாமல் போனால் ‘நட்பு முறிந்தது’ என்கிறோம். முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்வதை ‘முகத்தை முறித்தாற்போல’ என்கிறோம்.

பாட்டி கீரையில் புழு இருக்கிறதா, பழுத்த இலை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஆய்கிறார். விஞ்ஞானி ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்வது ஆய்வு. இரண்டும் ஒரே சொல்தான்!

உங்கள் கணக்கு நோட்டிலும் கத்தி ஒளிந்திருக்கிறது. தலைமுடியை இரண்டாகப் பிரித்தால் வகிடு. மாங்காயைக் கத்தியால் கீறிப் பிளந்தால் வகிர்தல். எண்ணைச் சம பங்காகப் பிரித்தால் வகுத்தல். மாணவர்களைப் பிரித்து உட்கார வைத்தால் வகுப்பு! கிளையைக் கழிப்பதுபோல எண்ணிலிருந்து கொஞ்சம் நீக்கினால் கழித்தல். அறிவியல் தேர்வில் ‘வரையறு’ என்று கேள்வி வருகிறதே, அதிலும் ‘அறு’ இருக்கிறது. இதற்கு மேல் போகாதே என்று எல்லை கட்டி அறுத்துச் சொல்வதுதான் வரையறை.

துணியும் துணிவும்

இப்போது எல்லாவற்றிலும் அழகான சொல். நீங்கள் உடுத்தியிருப்பது துணி. அது ஏன் துணி? தறியில் நீளமாக நெய்ததைத் துணித்து, அதாவது வெட்டித் துண்டாக்கி எடுத்ததால் துணி. தோளில் போடும் ‘துண்டு’ம் அப்படித்தான். பழந்தமிழில் துணிக்கு ‘அறுவை’ என்றும் பெயர் இருந்தது. சங்கப் புலவர் ஒருவரின் பெயரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை வாணிகன் என்றால் ஜவுளிக் கடைக்காரர்!

அதே ‘துணி’யிலிருந்துதான் ‘துணிவு’ம் வருகிறது. துணிவுக்குத் தைரியம் என்று மட்டுமல்ல, முடிவெடுப்பது என்றும் பொருள் உண்டு. வெட்டுவதற்கும் முடிவெடுப்பதற்கும் என்ன சம்பந்தம்? கத்தரிக்கோல் வைக்கும் வரை துணி முழுசாக இருக்கிறது. சட்டையும் தைக்கலாம், பாவாடையும் தைக்கலாம். ஒருமுறை வெட்டிவிட்டால் வெட்டியதுதான். ஒரு முடிவை எடுக்கும்போது மற்ற வழிகளை எல்லாம் வெட்டிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறோம். அதற்குத் தைரியம் வேண்டுமே! ‘அறுதியிட்டுச் சொல்’ என்பதிலும் இதே ‘அறு’தான்.

ஆச்சரியத்தைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் முடிவெடுப்பதற்கு ‘டிசைட்’ என்கிறோம். அது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் ‘வெட்டிவிடுதல்’! சுருக்கமாக என்பதற்கு ‘கன்சைஸ்’ என்கிறார்களே, அதன் வேரும் வெட்டுதல்தான். நம் ‘நறுக்’ மாதிரியே. எங்கோ ரோமாபுரியில் இருந்தவர்களும் இங்கே தமிழர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்!

ஆங்கிலத்திலும் ‘கட்’ மட்டும் போதாது

ஆங்கிலேயர்கள் எல்லாவற்றுக்கும் ‘கட்’ சொல்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! வெங்காயத்தை ‘சாப்’ செய்வார்கள். ரொட்டியை ‘ஸ்லைஸ்’ செய்வார்கள். இறைச்சியைக் கொத்தினால் ‘மின்ஸ்’. மரத்தை வெட்டிச் சாய்த்தால் ‘ஃபெல்’. கிளை கழித்தால் ‘ப்ரூன்’. கதிர் அறுத்தால் ‘ரீப்’. புல் வெட்டினால் ‘மோ’. ஆட்டு ரோமத்தைக் கத்தரித்தால் ‘ஷியர்’. சிலை செதுக்கினால் ‘கார்வ்’. கிள்ளினால் ‘நிப்’.

அவர்களுக்கும் கைப்பழக்கம் வாயில் வந்திருக்கிறது. ‘நிப் இட் இன் த பட்’ என்றால் மொட்டிலேயே கிள்ளு. நம் ‘முளையிலேயே கிள்ளு’தான் அது. ‘யூ ரீப் வாட் யூ சோ’ என்றால், ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’. ‘டோன்ட் மின்ஸ் வேர்ட்ஸ்’ என்றால், பேச்சைப் பொடிப்பொடியாக்கி மென்மையாக்காதே, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல் என்று அர்த்தம். ‘கட் யுவர் கோட் அகார்டிங் டு யுவர் க்ளாத்’ என்பதற்கு நாம் ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்போம்.

ஆங்கிலச் செய்தித்தாளில் செலவை ‘ட்ரிம்’ செய்தார்கள் என்று வந்தால் கொஞ்சமாகக் குறைத்தார்கள் என்று பொருள். ‘ஸ்லாஷ்’ செய்தார்கள் என்றால் ஒரேயடியாக வெட்டிவிட்டார்கள். இந்த வித்தியாசம் தெரிந்தால் ஆங்கிலமும் உங்களுக்கு நன்றாக வரும். வெறும் ‘கட்’டை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டு மொழியிலும் நஷ்டம்தான்!

ஏமாந்துவிடாதீர்கள்

‘வெட்டிப் பேச்சு’, ‘வெட்டி வேலை’ என்கிறோமே, இதுவும் கத்தியால் வெட்டுவதுதானா? இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்றால் கூலி கொடுக்காமல் வாங்கும் வேலை. பலன் இல்லாத வேலை, பலன் இல்லாத பேச்சு என்று அது பிறகு மாறியது. ஒலி ஒன்றாக இருந்தாலும் குடும்பம் வேறு. ஆகவே சொல்லையும் கீரைபோல ஆய்ந்து பார்க்க வேண்டும்.

நீங்கள் ரெடியா?

‘கட்’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. பாட்டி வெற்றிலைக் காம்பை ______.
2. தம்பி பென்சிலை ______.
3. தச்சர் ரம்பத்தால் பலகையை ______.
4. தோட்டக்காரர் கொய்யா மரத்தின் காய்ந்த கிளைகளை ______.
5. சிற்பி உளியால் சிலையை ______.
6. பட்ஜெட்டில் பணம் போதவில்லை. அதனால் ______ விழுந்தது.

விடைகள்: 1. கிள்ளினார் 2. சீவினான் 3. அறுத்தார் 4. கழித்தார் 5. செதுக்கினார் 6. துண்டு

ஆறும் சரியா? சபாஷ்! இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாளை ஒரு நாள் முழுக்க ‘கட்’ என்று சொல்லாமல் இருந்து பாருங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், இங்கே இல்லாத வெட்டுச் சொல் அவர்களுக்கு எத்தனை தெரியும் என்று கேளுங்கள். ஒவ்வொரு சொல்லையும் எந்தப் பொருளுக்குச் சொல்வது, கையை எப்படி அசைப்பது, வெட்டிய பிறகு எதை விட்டுவைப்பது என்றும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். பத்துச் சொல் சேர்ந்தால் நீங்களும் ஒரு குட்டி ஆய்வாளர்தான்!